உடன்பயிலுதலும் சட்டாம்பிள்ளை முறையும்: தமிழகக் குழுக்கற்றல் வரலாறு, மரக்காணம் உப்பளக் கடற்கரையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வகுப்பறையில் மாணவர் குழுவாகக் கற்பது மேலைநாட்டிலிருந்து அண்மையில் வந்த முறை என்னும் எண்ணம் ஆசிரியர் பயிற்சிகளில் பரவலாக உள்ளது. நன்னூல், திண்ணைப் பள்ளி, சென்னை எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் மேற்கொண்ட முயற்சி, செயல்வழிக் கற்றல், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 2021இல் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வி ஆகியவற்றை வரிசைப்படுத்தி நோக்கும் இக்கட்டுரை, அவ்வெண்ணத்தை மறுக்கிறது. மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் மரபு இங்கு வலுவாகவே இருந்தது. ஒத்த நிலையில் அமர்ந்து உடன்பயிலும் மரபே மெலிந்துபோனது. இன்றைய குழுப்பணி தடுமாறும் இடமும் அதுவே என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: குழுக்கற்றல், திண்ணைப் பள்ளி, சட்டாம்பிள்ளை, சென்னை முறை, செயல்வழிக் கற்றல், இல்லம் தேடிக் கல்வி, மரக்காணம்

1. முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரையில் அமைந்த மரக்காணம், உப்பளங்களால் அறியப்படும் ஊர். சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினத்தை அறிஞர் பலர் இப்பகுதியோடு பொருத்திக் காண்பர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் பாத்திகளைச் செப்பனிட்டு உவர்நீர் பாய்ச்சுவதும், அடுத்த மழை வரும்வரை உப்பு வாருவதும் இக்கடற்கரையின் ஆண்டுச் சுழற்சி. மீன்பிடித்தலும் வேளாண்மையும் உடன்நிகழும் தொழில்கள். அருகிலுள்ள கழுவெளிச் சதுப்புநிலம் 2024இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

கல்வி வரலாற்றிலும் இக்கடற்கரைக்கு ஓர் இடம் உண்டு. மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான் 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகளில் தொடக்க, நடுநிலை வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாள் மீண்டும் திறக்கப்படவிருந்த வேளை அது. ஏறத்தாழ 19 மாதங்கள் பள்ளியைக் காணாத பிள்ளைகளை, அவரவர் வாழும் தெருவிலேயே சிறு குழுக்களாக அமர்த்திக் கற்பிப்பது திட்டத்தின் நோக்கம்.

பல வயதினரும் பல நிலையினருமான பிள்ளைகளை ஒரே பாயில் அமர்த்தினால் அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பார்களா? கற்க வேண்டுமாயின் ஆசிரியர் என்ன செய்தல் வேண்டும்? இவ்வினாக்கள் தமிழகத்திற்குப் புதியன அல்ல. இவற்றுக்கு முன்னைய காலங்கள் அளித்த விடைகளையும் அவ்விடைகளின் குறைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நன்னூல் காட்டும் மூன்று கூறுகள்

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தன் பொதுப்பாயிரத்தில் மாணவன் கற்கும் முறையைப் பகுத்துரைக்கிறது. ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு கருத்தூன்றிக் கேட்டாலும் புலமையில் கால்பங்கே கைகூடும்; உடன் கற்போரோடு பயில்வதால் மற்றொரு கால்பங்கு நிறையும்; பிறர்க்கு விளங்க எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு நிறைவுறும் என்பது அதன் கருத்து.

இப்பகுப்பில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, ஆசிரியர் வாய்ச்சொல்லைக் கேட்பது கற்றலின் தொடக்கம் மட்டுமே என்னும் தெளிவு. இரண்டாவது, உடன்பயிலுதலும் எடுத்துரைத்தலும் வெவ்வேறு செயல்களாக வைக்கப்பட்டிருத்தல். எடுத்துரைப்பவர் அறிந்தவராகவும் கேட்பவர் அறியாதவராகவும் இருப்பர். உடன்பயில்வோரோ இருவரும் அறிந்தும் அறியாமலும் இருப்பர். ஒருவர் ஐயத்தை மற்றவர் தீர்ப்பதும் ஒருவர் பிழையை மற்றவர் காட்டுவதும் இருபுறமும் நிகழும். முன்னது மேலிருந்து கீழ்நோக்கிய உறவு. பின்னது இணையானோர் உறவு. இவ்வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு பின்வந்த முறைகளை நோக்கலாம்.

3. திண்ணைப் பள்ளியும் சட்டாம்பிள்ளையும்

திண்ணைப் பள்ளிகளில் பெரும்பாலும் ஓர் ஆசிரியரே இருந்தார். மணலில் விரலால் எழுதத் தொடங்கும் சிறுவன் முதல் ஓலையில் எழுதி நிகண்டு மனனம் செய்யும் இளைஞன் வரை அனைவரும் ஒரே இடத்தில் அமர்ந்தனர். இவர்களை நடத்த, மாணவருள் வல்லவன் ஒருவனை ஆசிரியர் சட்டாம்பிள்ளையாக அமர்த்தினார். இளையோர்க்கு எழுத்துக் காட்டுவது, மனப்பாடம் கேட்பது, ஒழுங்கு காப்பது ஆகியவை அவன் பணிகள். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ அக்காலப் பள்ளி வாழ்வையும் சட்டாம்பிள்ளையின் இடத்தையும் அறிய உதவும் நூல்.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் உள்நாட்டுப் பள்ளிகளைப் பற்றிய கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். மரக்காணத்தை உள்ளடக்கிய தென்னார்க்காடும் அதில் அடங்கும். 1826 மார்ச் 10ஆம் நாளிட்ட அவரது குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். இக்கணக்கெடுப்பின்போது பெல்லாரி ஆட்சியர் ஏ.டி. கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை இங்குச் சிறப்பாகக் குறிக்கத்தக்கது. குறைந்த செலவில் எழுதக் கற்பிக்கும் பாங்கையும், முன்னேறிய மாணவர் பின்தங்கியோர்க்குக் கற்பித்து அதனால் தம் அறிவையும் உறுதிசெய்துகொள்ளும் முறையையும் அவர் பாராட்டினார். கற்பிப்பவனே மிகுதியாகக் கற்கிறான் என்னும் நன்னூற் கருத்தைக் கேம்ப்பெல் வகுப்பறை நடைமுறையிற் கண்டார் எனலாம். அதே அறிக்கையில், பொருள் உணராது மனனம் செய்யும் வழக்கத்தை அவர் கண்டிக்கவும் செய்தார்.

ஆயின் இம்முறையின் மறுபக்கத்தைத் தமிழ்மொழியே பதிவு செய்து வைத்திருக்கிறது. சட்டாம்பிள்ளை என்னும் சொல்லிலிருந்து ‘சட்டாம்பிள்ளைத்தனம்’ என்னும் வழக்கு பிறந்தது. அதற்கு உதவும் தன்மை என்று எவரும் பொருள் கொள்வதில்லை. கேளாமலே பிறர்மேல் அதிகாரம் செலுத்துவது என்றே கொள்கின்றனர். கற்பிக்கும் பொறுப்பும் கண்டிக்கும் உரிமையும் ஒருவனிடமே குவிந்தபோது, பிள்ளைகளின் நினைவில் கண்டிப்பே நிலைத்தது. உடன்பயில்வோனாக இருக்க வேண்டியவன் சிறிய ஆசிரியனாகிவிட்டான். நன்னூலின் அரைப்பங்கு சட்டாம்பிள்ளைக்குக் கிட்டியது; ஏனையோர்க்கு உடன்பயிலும் கால்பங்கு கிட்டவில்லை.

4. எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

இத்திண்ணை முறை கடல்கடந்த வரலாறு நன்கறியப்பட்டது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சமயகுரு ஆண்ட்ரூ பெல், 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக ஏற்பட்ட காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் காப்பகத்தில் நடைமுறைப்படுத்த முனைந்தார். உதவியாசிரியர்கள் ஒத்துழைக்காதபோது, ஜான் ஃபிரிஸ்கன் என்னும் 8 வயதுச் சிறுவனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். முயற்சி வெற்றிபெற்றது. 1796இல் நாடு திரும்பிய பெல், மறு ஆண்டு இலண்டனில் தம் அறிக்கையை வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்று பெயர்பெற்ற இம்முறையும், இதனை ஒத்த ஜோசப் லங்காஸ்டரின் முறையும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவின.

பெல்லின் முறையில் ஒரு கூறு தனித்து நோக்கத்தக்கது. ஒவ்வொரு வகுப்பையும் அவர் இணை இணையாகப் பிரித்தார். ஓர் இணையில் வல்லவன் ஒருவன், மெலிந்தவன் ஒருவன். மெலிந்தவன் பாடம் அறியாவிடில் வல்லவனும் அதற்குப் பொறுப்பாவான். உதவுபவனும் விடைசொல்லக் கடமைப்பட்டவன் என்னும் இக்கருத்து, ஒருவனிடமே அதிகாரம் குவிந்த சட்டாம்பிள்ளை முறையினின்று ஒரு முன்னேற்றமாகும்.

ஆயினும் முறை பரவியபோது வென்றது அதன் சிக்கனமே. ஓர் ஆசிரியர் சட்டாம்பிள்ளைகளைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரை நடத்தலாம் என்பதே புரவலரைக் கவர்ந்தது. பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசிக் கற்பதற்கு மாறாக, வரிசையில் நின்று ஒப்பிக்கும் பயிற்சி மேலோங்கியது. செலவைக் குறைக்கும் வழியாக மட்டும் கருதப்படும் குழுமுறை, கற்றலைக் குறைக்கும் வழியாகவும் மாறலாம் என்பதற்கு இது சான்று.

5. ஏணியும் அட்டையும் குழுவும்

தமிழக அரசுப் பள்ளிகளில் குழு மீண்டும் மையத்திற்கு வந்தது 2003இல். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷிவேலி ஊரகப் பள்ளிகளின் அனுபவத்தைக் கண்டறிந்து மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலை அறிமுகம் செய்தார். 2007-08 கல்வியாண்டில் அது மாநிலத்தின் ஏறத்தாழ 37,000 பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. ஆசிரியர் தரையில் பிள்ளைகளோடு அமர்ந்தார். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் கரும்பலகைகள் வந்தன. பாடங்கள் கற்றல் ஏணியின் படிகளாகவும் அட்டைகளாகவும் பிரிக்கப்பட்டன. ஆசிரியரின் முழுத்துணை, பகுதித்துணை, சக மாணவரின் முழுத்துணை, பகுதித்துணை, தானே கற்றல் எனக் குழுக்கள் வகுக்கப்பட்டன. நடுநிலை வகுப்புகளில் வந்த படைப்பாற்றல் கல்வி, தனித்துப் படித்தல், மனவரைபடம் வரைதல், குழுவில் கலந்துரையாடித் தொகுத்தல், வகுப்பின்முன் வழங்குதல் என்னும் படிநிலைகளைக் கொண்டது.

சட்டாம்பிள்ளை மறைந்தார் என்பது இம்மாற்றத்தின் பெருஞ்சிறப்பு. ஒரு பிள்ளை ஒரு பாடத்தில் உதவுபவராகவும் மற்றொன்றில் உதவி பெறுபவராகவும் இருக்க இடம் ஏற்பட்டது. எனினும் தொடக்க வகுப்பு அமைப்பிலேயே ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணியில் ஏறுவதால், ஒரே வட்டத்தில் அமர்ந்தவர்களின் கைகளில் வெவ்வேறு அட்டைகள் இருக்கக்கூடும். உடல் அளவில் ஒரு குழு. வேலை அளவில் தனித்தனி மனிதர். ஒருங்கே அமர்தல் வேறு, ஒருங்கே கற்றல் வேறு.

தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு 2012-13இல் முப்பருவ முறையோடு வந்தபோது, 100 மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கப்பட்டது. செயல்பாடுகளுக்கும் மதிப்பெண் கிடைத்தது; குழுச் செயல்பாடுகளும் அவற்றுள் அடங்கின. இதனால் ஒரு பழைய சிக்கல் புதுவடிவில் எழுந்தது. குழு முழுமைக்கும் ஒரே மதிப்பெண் என்றால் ஒருவர் உழைப்பில் நால்வர் ஒதுங்கலாம். தனித்தனி மதிப்பெண் மட்டும் என்றால் எவரும் எவருக்கும் உதவத் தேவையில்லை. பெல் தம் இணைகளில் தீர்க்க முயன்ற சிக்கலும் இதுவே.

6. முதலியார்குப்பத்தில் தொடங்கிய மாலை வகுப்பு

இப்பின்னணியில்தான் இல்லம் தேடிக் கல்வியை நோக்க வேண்டும். 1 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள், மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், ஏறத்தாழ 20 பேருக்கு ஒரு தன்னார்வலர் என்பது தொடக்கத்தில் அதன் அமைப்பாக இருந்தது. தன்னார்வலருள் பெரும்பாலோர் அதே ஊரைச் சேர்ந்த பெண்கள்.

அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழக ஊரகப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. பள்ளிகள் மூடப்பட்டதால் ஏற்பட்ட இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் மீட்கப்பட்டது என்றும், அம்மீட்பில் ஏறத்தாழ 24 விழுக்காடு இத்திட்டத்தால் நேர்ந்தது என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது. நாளுக்கு ஒன்றரை மணி நேரச் சிறுகுழு வகுப்புக்கு இது சிறிய பயன் அன்று.

ஐந்து வகுப்பினர் ஒரே வட்டத்தில் அமரும்போது தன்னார்வலர் அனைவருக்கும் ஒரே நேரத்தில் கற்பித்தல் இயலாது. பெரியவர் சிறியவருக்குச் சொல்லிக்கொடுப்பது தானே நிகழும். திண்ணையின் சூழல் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் தெருவில் மீண்டது எனலாம். அதனாலேயே பழைய இடரும் மீள வாய்ப்புண்டு. அக்காளும் அண்ணனும் தம்பி தங்கையருக்குக் காட்டிக்கொடுக்கும் அன்பு, ஒரு சொல் பிசகினால் சட்டாம்பிள்ளைத்தனமாக மாறிவிடும். உதவுவது என்பது விடையைச் சொல்லிவிடுவது அன்று, வினாவைத் திருப்பிக் கேட்பது என்று பெரிய பிள்ளைகளுக்கு முதலில் பழக்க வேண்டும். இப்பழக்கம் தானே வருவதில்லை. ஆசிரியர் செய்துகாட்டியே வரவேண்டும்.

7. யார் அருகில் யார்

குழுவின் உள்ளே நிகழ்வதைப் பற்றி இதுவரை கண்டோம். குழுவில் யார் இருந்தனர் என்பது அதனினும் கடிய வினா. திண்ணையில் அமரும் உரிமை எல்லார்க்கும் இருக்கவில்லை. திண்ணை ஒருவர் வீட்டின் பகுதி. அவ்வீட்டின் படியேற இயலாதோர் அக்குழுவிலும் இல்லை. மன்றோவின் கணக்கெடுப்பு பள்ளிகளின் எண்ணிக்கையைக் காட்டுவதோடு, பள்ளிக்கு வெளியே நின்றோர் பெருந்தொகையினர் என்பதையும், பெண்பிள்ளைகள் மிகச் சிலரே என்பதையும் காட்டுகிறது. உடன்பயிலுதல் இணையானோர் உறவு என்றால், இணையாக அமர ஒப்பாத சமூகத்தில் அது மெலிந்தது வியப்பன்று.

இன்றும் இவ்வினா முடிந்துவிடவில்லை. மாணவரிடையே சாதி வேற்றுமையைத் தடுக்கும் வழிகளை ஆராய அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவரைப் பெயரின் அகரவரிசைப்படி அமர்த்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. ‘நீங்களே குழுவாகச் சேர்ந்துகொள்ளுங்கள்’ என்று ஆசிரியர் கூறும்போது, பிள்ளைகள் தெருவாரியாகவும் உறவுவாரியாகவும் பிரிவது எங்கும் நிகழக்கூடியது. எனவே குழுவை அமைப்பது ஆசிரியரின் கடமை. அதைப் பிள்ளைகளின் விருப்பத்திற்கு விடுவது நடுநிலையாகாது.

இவ்வகையில் அமெரிக்க உளவியலறிஞர் எலியட் ஆரன்சனின் அனுபவம் ஒப்புநோக்கத்தக்கது. டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் நிறப்பாகுபாடு நீக்கப்பட்ட பள்ளிகளில் பிள்ளைகளிடையே பூசல் எழுந்தபோது, 1971இல் அவரும் அவர்தம் மாணவரும் ‘துண்டு இணைப்பு’ எனத்தக்க ஒரு முறையை வகுத்தனர். ஒரு பாடம் பல பகுதிகளாகப் பிரிக்கப்படும். குழுவின் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பகுதி. ஒரே பகுதியைப் பெற்ற பிள்ளைகள் பல குழுக்களிலிருந்தும் வந்து கூடிக் கலந்தாய்வர். பின் தத்தம் குழுவுக்குத் திரும்பி எடுத்துரைப்பர். இறுதித் தேர்வு தனித்தனியே. ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல் எவரும் முழுப்பாடத்தையும் அறிய இயலாது.

நன்னூலின் மூன்று கூறுகளும் இம்முறையில் ஒருங்கே அமைந்துள்ளன. முதற்கூட்டம் இணையானோர் உடன்பயிலுதல். திரும்பிவந்து கூறுவது எடுத்துரைத்தல். எல்லாரும் ஒருமுறை எடுத்துரைப்பதால் எவரும் நிலையான சட்டாம்பிள்ளை ஆவதில்லை.

8. உப்பளப் பாடம்: ஒரு மாதிரி

மரக்காணக் கடற்கரைப் பள்ளி ஒன்றில் கலவைகளைப் பிரித்தல் பற்றிய அறிவியற் பாடத்தை இம்முறையில் நடத்துவதாகக் கொள்வோம். நால்வர் கொண்ட குழு. ஒருவருக்கு உவர்நீரைத் தேக்கும் பகுதி: கடல்நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றரைப் பங்கே கரைந்த உப்புகள். இரண்டாமவருக்கு நீர் படிப்படியாகச் செறிவடையும் பகுதி: வெயிலும் காற்றும் நீரை ஆவியாக்க, சுண்ணச்சத்தும் ஜிப்சமும் முன்னரே படிகின்றன. மூன்றாமவருக்குப் பாத்தியில் உப்பு விளையும் பகுதி: செறிவு போமே அளவையில் ஏறத்தாழ 25 பாகையை எட்டும்போது சோற்றுப்பு படிகமாகத் தொடங்குகிறது. நான்காமவருக்கு எஞ்சிய கசப்புநீரை வெளியேற்றும் பகுதி: அதைக் காலத்தே வடிக்காவிடில் மக்னீசிய உப்புகள் கலந்து உப்பின் தரம் கெடும்.

எந்தப் பகுதியை விட்டாலும் உப்பு எவ்வாறு விளைகிறது என்னும் விடை முழுமை பெறாது. பாத்தியில் இறங்கி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைக்கு, வகுப்பில் வேறெவரும் அறியாத செய்தி தெரிந்திருக்கும். மதிப்பெண் பட்டியலில் கடைசியில் நிற்கும் பிள்ளை, குழுவில் கேட்கப்பட வேண்டியவர் ஆகிறார். ஆயின் ஓர் எச்சரிக்கை தேவை. உப்பளத் தொழிலாளியின் பிள்ளைக்கே எப்போதும் உப்பளப் பகுதி என்று ஒதுக்கினால், தொழிலைப் பிறப்போடு பிணைக்கும் பழைய தவற்றைக் குழுவே செய்ததாகிவிடும். பகுதிகள் சீட்டுக் குலுக்கியோ முறைமாற்றியோ பகிரப்பட வேண்டும்.

9. முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் மரபைத் தமிழகம் உலகுக்கு வழங்கியது. ஆனால் வழங்கியது நன்னூல் கூறிய முறையின் ஒரு கூறு மட்டுமே. உடன்பயிலுதல் என்னும் கூறு, அதிகாரத்தாலும் சிக்கனத்தாலும் சாதியாலும் சுருங்கியது.

குழுப்பணி பயன்தர வேண்டுமாயின், வேலை ஒருவரையொருவர் சார்ந்தே முடியத்தக்கதாக அமைதல் வேண்டும். உதவும் பொறுப்பு முறைமாறி எல்லாரிடமும் வருதல் வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் கற்றலும் தனித்தும் சோதிக்கப்படல் வேண்டும். குழுவை ஆசிரியரே கலந்தமைத்தல் வேண்டும். கேட்கவும் மறுக்கவும் விளக்கவும் உரிய சொற்களைப் பிள்ளைகளுக்கு அவர் முன்கூட்டியே பழக்குதல் வேண்டும். இவற்றுள் எதற்கும் பெரும்பொருட் செலவு இல்லை. தேவைப்படுவது ஆசிரியரின் முன்னேற்பாடும், அதற்குரிய நேரத்தைப் பாடவேளையில் ஒதுக்கும் நிருவாகத்தின் இசைவுமே.

முதலியார்குப்பத்தில் 2021இல் தொடங்கியது இழந்த பாடங்களை மீட்கும் முயற்சி. அதே வட்டம், வெவ்வேறு தெருப் பிள்ளைகள் ஒருவர் சொல்வதை ஒருவர் காத்திருந்து கேட்கும் இடமாகவும் அமையுமாயின், நெடுங்காலமாகக் குறைவுபட்டிருந்த அந்தக் கால்பங்கும் மீட்கப்படும்.